அங்காயி மாவும் தலைவர் வீட்டுத் தண்ணியும்

வா, இன்னும் கிட்ட வந்து உக்காரு. போர்வையை இழுத்துக்கோ. நடுவுல நடுவுல "ம்" கொட்டணும், கொட்டலைன்னா கதை அங்கேயே நின்னுடும்.

ஒரு ஊர்ல ஒரு மாவுக்காரி. பேரு அங்காயி. அரிசியும் உளுந்தும் ஆட்டி, உப்பைப் போட்டு, கையைக் கழுவிட்டு வந்து முழங்கை வரைக்கும் விட்டு சளப் சளப்னு கலக்குவா. கரண்டியைத் தொடவே மாட்டா. கரண்டி பட்டா மாவு மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கும், கை பட்டாத்தான் பொங்கும்பா. காலையில பாத்தா மாவு பொதுபொதுன்னு மூடியைத் தள்ளிக்கிட்டு நிக்கும். ஊர்ல முக்கால்வாசி வீட்டு இட்லி அவ மாவுதான்.

ம்? ஆங்.

அப்புறம் ஒரு ஆடி மாசம், புள்ளைங்களுக்கு வாந்திபேதி. இந்த வீட்டுல உவ்வே, அந்த வீட்டுல உவ்வே. ஆசுபத்திரியில கட்டில் பத்தாம பெஞ்சுல படுக்க வச்சாங்க. அப்போ ஊர்த் தலைவர் கோதண்டம், சட்டையில ஒரு சுருக்கம் இருக்காது அந்த மனுசனுக்கு, கூட்டத்தைக் கூட்டினாரு. "எல்லாம் இந்த அங்காயியால வந்த வினை. வெறும் கையை விட்டுக் கலக்குறா. கையில இருக்கிற கிருமி மாவுக்குப் போகுது, மாவுல இருக்கிற கிருமி புள்ளைங்க வயித்துக்குப் போகுது"ன்னாரு.

அங்காயிக்கு உச்சந்தலைக்கு சுர்ருன்னு ஏறிச்சு. "இருபத்திரெண்டு வருசமா இதே கைதான் தலைவரே. உங்க மக கல்யாணத்துக்கு ஆயிரம் இட்லிக்குக் கலக்கினதும் இதே கைதான். அன்னிக்கு இந்தக் கை இனிச்சுதோ?"

"வாய் பேசாதே. மூணு நாள் தரேன். உன் மாவால இல்லைன்னு காட்டு. இல்லாட்டி கிரைண்டரைத் தூக்கிக்கிட்டு ஊரை விட்டுக் கிளம்பு!"

சொன்னதோட விட்டாரா? நேரா அவ வீட்டுக்கே போய், பினாயில் பாட்டிலை எடுத்து, பொங்கி நின்ன மாவுல குபுகுபுன்னு ஊத்தினாரு. மாவு புஸ்ஸுன்னு உக்காந்துடுச்சு. பெத்த புள்ளையைத் தெருவுல வச்சு அடிச்ச மாதிரி இருந்துச்சு அங்காயிக்கு.

மொத நாள் போச்சு. ஊர்ல எவ வீட்டுலயும் அங்காயி மாவு இல்ல. ஆனா ரெண்டாம் நாள் விடிஞ்சா, புதுசா ஒன்பது புள்ளைங்க ஆசுபத்திரியில. அங்காயி ஓடினா. "நேத்து என் மாவே இல்லையே, இதுங்களுக்கு எப்படி வந்துச்சு?"ன்னு கேட்டா. "பழைய மாவு உள்ள உக்காந்து வேலை செய்யுது"ன்னாரு தலைவர். கூட்டமும் ஆமா ஆமான்னு தலையாட்டுச்சு. அவ்வளவு பேருக்கும் கழுத்து மேல தலைன்னு ஒண்ணு எதுக்கு இருந்துச்சோ!

ம் சொல்லு. தூங்கிடாதே, இனிமேதான் இருக்கு.

அப்போ ஆசுபத்திரியில லேப் பாக்குற எஸ்தரம்மா இருந்தா. கிருமியைப் பெருசாக்கிக் காட்டுற கண்ணாடி அவகிட்டதான். தலைவர், அங்காயி சட்டியில ஒட்டியிருந்த பழைய மாவைச் சுரண்டிக் கொண்டாந்து, "பாரும்மா, பாத்து ஊருக்குச் சொல்லு"ன்னாரு. எஸ்தரம்மா ஒத்தைக் கண்ணை மூடிக்கிட்டுப் பாத்தா. "குச்சி குச்சியா கிருமி இருக்கு, உருண்டை உருண்டையாவும் இருக்கு"ன்னா.

"பாத்தீங்களா!"ன்னு தலைவர் குதிச்சாரு.

"இரும்மா எஸ்தரு. அப்படியே தலைவர் பல்லையும் கொஞ்சம் சுரண்டிப் பாரேன்"னா அங்காயி. கூட்டம் கொல்லுன்னு சிரிச்சுது. மாட்டேன்னா மானம் போயிடும், வாயைத் திறந்தாரு. தீக்குச்சியால ஒரு சுரண்டு. எஸ்தரம்மா குனிஞ்சு பாத்துட்டு, "அடேயப்பா! உருண்டை, குச்சி, சுருண்டு சுருண்டு நெளியறதுன்னு தேர்க் கூட்டமே இருக்குது இங்க"ன்னா.

"அப்ப அங்கயும் பினாயிலை ஊத்திடுவோமா?"ன்னா அங்காயி.

எஸ்தரம்மா சிரிக்கலை. "கிருமின்னா எல்லாமே கெட்டது இல்ல. பாலைத் தயிராக்குறது கிருமி, குப்பையை எருவாக்குறது கிருமி. நம்ம வயித்துக்குள்ளயே கோடி கோடியாக் குடியிருந்து செரிக்க ஒத்தாசை பண்ணுது. நோய் கொண்டாறது கொஞ்சம்தான். ஆளைப் பாத்து மட்டும் நல்லவனா கெட்டவனான்னு சொல்ல முடியாது. இட்லி ஆவியில வெந்தாலே வாந்திபேதிக் கிருமி செத்துடும். அது பீயிலேருந்து தண்ணிக்கு வரும், தண்ணியிலேருந்து வாய்க்கு வரும்"னா.

"தண்ணியா? குழாயில வர்ற தொட்டித் தண்ணி பன்னீர் மாதிரி இருக்குது. ஊரே குடிக்குது, நானும்தான் குடிக்கிறேன், எனக்கு என்ன கேடு?"ன்னு கத்திட்டுப் போனாரு தலைவர்.

மூணாம் நாள். கெடு முடியுற நாள். அங்காயி வீடு வீடா ஏறினா. என்ன சாப்பிட்டேன்னு கேக்கலை, தண்ணி எங்க புடிச்சேன்னு கேட்டா. கோயில் கிணத்துத் தண்ணி குடிச்ச வீடுங்க அவ மாவைத்தான் தின்னிருக்கு, அங்க ஒரு புள்ளைக்கும் ஒண்ணும் இல்ல. அவ மாவை வாங்கவே வாங்காத வீடு, ஆனா குழாய்த் தண்ணி, அங்க ரெண்டு புள்ளை சுருண்டு கிடக்குது. குழாய் இருக்கிற வீடெல்லாம் உவ்வே. ஒரே ஒரு குழாய் வீட்டுல மட்டும் பேரப் புள்ளைங்க மூணும் குதியாட்டம் போடுது. யார் வீடு?

தலைவர் வீடு!

அங்காயி கொல்லைப்பக்கமாப் போய் எட்டிப் பாத்தா. வரிசையா எட்டு கேன் தண்ணி. சமைக்கிற பொம்பளை தலையைக் குனிஞ்சுக்கிட்டு, "குழாய் சாக்கடைக்குள்ள ஒடைஞ்சு ஒரு மாசம் ஆச்சுக்கா. குழாயைப் போட்டது ஐயாவோட மச்சான். வெளிய தெரியக் கூடாதுன்னுட்டாரு"ன்னா.

அங்காயி எட்டு கேனையும் இன்னொரு தடவை எண்ணினா. தெரிஞ்சிருக்கு! ஊரான் புள்ளை சாக்கடையைக் குடிக்குதுன்னு தெரிஞ்சே இருக்கு! தன் வீட்டுக்குக் கேன், பழிக்கு அங்காயி!

நேரா தெருக்குழாய்க்குப் போனா. டம்ளர் நிறையத் தண்ணி புடிச்சா. தலைவர் வாசல்ல நின்னு, தெருவே கேக்குற மாதிரி, "பன்னீர் கொண்டாந்திருக்கேன், குடிங்க"ன்னா.

"எனக்கு... இன்னிக்கு விரதம்."

"தண்ணிக்குமா விரதம்? கொல்லையில இருக்கிற எட்டு கேனுக்கும் விரதமா?"

அப்புறம் ஒருத்தி ஒரு டம்ளர் குழாய்த் தண்ணியோட வந்தா. டிங்குன்னு படியில வச்சா. இன்னொருத்தி வந்தா, டிங். புள்ளையை இடுப்புல வச்சுக்கிட்டு ஒருத்தி, டிங். டிங் டிங் டிங்னு நாப்பது டம்ளர். படி நிறைஞ்சு வாசல் நிறைஞ்சு, தலைவர் காலை வைக்க இடமில்ல.

பொழுது சாயறதுக்குள்ள மண்வெட்டி வந்துச்சு. தோண்டினா, குடலைப் புரட்டுற நாத்தம். கரேல்னு குழாய், நடுவுல ஆவ்னு பொளந்து கிடக்குது. கிளம்புன்னு அங்காயிகிட்ட சொல்ல அப்புறம் எவனுக்கும் வாய் வரலை. புதுக் குழாய் போட்டு, தொட்டியைத் தேய்ச்சு, மருந்து போட்டு, எஸ்தரம்மா சோதிச்சு, நல்ல தண்ணின்னு சொல்ல எட்டு நாள் ஆச்சு. அதுவரைக்கும் ஊரே கிணத்துத் தண்ணியைக் காய்ச்சிக் குடிச்சுது.

ம்? ரெண்டு கண்ணும் சொருகுது உனக்கு. இதோ முடிஞ்சுது.

குழாய் திறக்கிற அன்னிக்குப் புள்ளைங்கல்லாம் குடத்தோட ஓடியாந்துச்சு. அங்காயி முதுகால குழாயை மறைச்சுக்கிட்டு நின்னா. "யாரும் தொடக் கூடாது. மொத டம்ளர் தலைவருக்கு"ன்னா. தலைவர் இந்தப் பக்கம் பாத்தாரு, அந்தப் பக்கம் பாத்தாரு, நாலு பக்கமும் பொம்பளைங்க. வாங்கினாரு. மடக். மடக். மடக். தொண்டை ஏறி இறங்குறதை ஊரே பாத்துச்சு.

கடைசிச் சொட்டு வரைக்கும் காத்திருந்து அங்காயி டம்ளரை வாங்கினா, அவர் முன்னாலயே கவுத்து வச்சா, புள்ளைங்களுக்குக் குழாயைத் திறந்துவிட்டா.

டம்ளரும் கவுந்துச்சு, கதையும் கவுந்துச்சு. கண்ணை மூடு, கண்ணு.