இளஞ்சிவப்பான கண்ணீர் அஞ்சலி

மதுரையில் ஒரு நாளிதழின் இணையதளத்தைத் தனியொருத்தியாகக் கவனித்துவந்தவள் தமயந்தி. மாடிப்படிக்கு அடியில், கண்ணாடித் தடுப்புக்குள் அவளுடைய இருக்கை. அங்கே யாரும் எட்டிப்பார்ப்பதில்லை.

விளம்பர மேலாளர் சடகோபன், தம் மைத்துனர் தயாரித்த திருமண வரன் விட்ஜெட்டை, அதாவது பக்க மூலையில் வரன்களைக் காட்டும் சிறு பெட்டியை, அந்தத் தளத்தில் பொருத்தச் சொன்னார். பொருத்திய நொடியே அது தன் அலங்காரத்தைத் தளம் முழுவதும் பூசிவிட்டது. கண்ணீர் அஞ்சலிகள் இளஞ்சிவப்பாகி, இறந்தவர்களின் படங்களைச் சுற்றி இதயங்கள் பூத்தன.

சடகோபன் முதலாளியிடம் பழியை அவள்மேல் போட்டார். "விட்ஜெட் சுத்தத் தங்கம் சார். இந்தப் பொண்ணு கட்டின தளம்தான் ஓட்டை."

பிறகு அவளிடம் வந்தார். "விட்ஜெட்டுல ஒரு எழுத்தைத் தொடக்கூடாது, எடுக்கவும் கூடாது. சாயங்காலத்துக்குள்ள அஞ்சலி கறுப்பாகணும். இல்லேன்னா வீட்டுக்குக் கிளம்பும்மா."

"தொடவே மாட்டேன் சார்."

சொன்னபடியே தொடவில்லை. விட்ஜெட்டை அப்படியே ஐஃபிரேம் என்னும் தனிச் சட்டகத்துக்குள் வைத்தாள். அதற்குள் எந்தச் சாயம் பூசினாலும் வெளியே கசியாது.

மாலையில் முதலாளி இறங்கிவந்து பார்த்தார். அஞ்சலிகள் கறுப்பாக இருந்தன. மூலையில் ஒரு பெட்டி மட்டும் தனக்குள்ளேயே இதயங்களைக் கொட்டிக்கொண்டிருந்தது.

"ஓட்டை தளத்துல இல்லையே, சடகோபன்?"

சடகோபன் கைக்குட்டையைத் தேடினார். முதலாளி தமயந்தியிடம் திரும்பினார்.

"உள்ள என்ன கூத்தடிச்சாலும் வெளிய ஒண்ணும் ஆகாதபடி அடைச்சுவைக்க நீ எங்க கத்துக்கிட்டம்மா?"

"இங்கதான் சார். மூணு வருஷமா என்னை அப்படித்தானே வச்சிருக்கீங்க."

முதலாளி கண்ணாடித் தடுப்பை ஒருமுறை பார்த்தார். பிறகு மாடியேறிப் போனார். தமயந்தியின் வேலை தப்பியது. தடுப்பும் தப்பியது.