குதிகால் செய்த குற்றம்

கொழுந்தாங்குளத்துக்காரர்கள் சொன்ன பேச்சைத் தட்டாதவர்கள். அவர்களுக்கு வந்த தொல்லை எல்லாம் அதனால்தான் வந்தது.

அது வெள்ளைக்காரன் காலம். ஊர்க்குளத்து மதகு பிளந்து தண்ணீர் வீணாக ஓடிக்கொண்டிருந்தது. ஊர்த்தலைவர் ஆவுடையப்பனின் வயலில் அப்போதுதான் கதிர் விட்டிருந்தது. குளம் வற்றினால் அவருக்கு மிஞ்சப்போவது வைக்கோல்தான். அந்தக் கவலையில் மனுஷனுக்குச் சோறு இறங்கவில்லை. மதகைச் சரிசெய்ய சப்-கலெக்டர் துரைதான் உத்தரவு போட வேண்டும். அவர் வரப்போகிறார் என்றதும் ஆவுடையப்பன் ஊரைக் கூட்டினார்.

"துரை முன்னால ஒருத்தனும் வாயைத் திறக்கக் கூடாது, ஆமா!"

துரை வந்தார். மதகு எங்கே என்று கேட்டார். ஒருத்தனும் வாயைத் திறக்கவில்லை. மதகு வேண்டுமா வேண்டாமா என்று கேட்டார். அதற்கும் பதில் இல்லை. ஆவுடையப்பனும் அந்த ஊர்க்காரர்தானே, அவரும் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். துரையின் முகம் மிளகாய்ப் பழமாகச் சிவந்தது. "ரிகால்சிட்ரன்ட்!" என்று இங்கிலீஷில் கத்திவிட்டுக் குதிரை ஏறிப் போய்விட்டார்.

துரையின் பேச்சை மொழிபெயர்க்கும் துபாஷி சேஷகிரி ராயர் மட்டும் பின்தங்கினார். ஆவுடையப்பன் அவரைப் பிடித்துக்கொண்டார்.

"துரை என்ன வைதாரு சாமி?"

"சொன்னதுக்கெல்லாம் முரண்டு பிடிக்கிறவன்னு அர்த்தம் ஓய். லத்தீன் பாஷையிலேர்ந்து வந்த சொல். அதுக்குள்ளே குதிகால் இருக்கு. கோவேறு கழுதை குதிகாலாலே பின்பக்கம் உதைக்குமோல்லியோ, முதல்லே அதைச் சொல்லிண்டிருந்தா, அப்புறம் அடங்காத மனுஷாளையும் அப்படியே சொல்ல ஆரம்பிச்சுட்டா. வெள்ளிக்கிழமை துரை மறுபடி வருவார். எது சொன்னாலும் 'சரி துரை'ன்னு சொல்லுங்கோ. இல்லேன்னா மதகை மறந்துடுங்கோ."

அன்று சாயங்காலமே பஞ்சாயத்து கூடியது.

"துரையை யாருலே உதைச்சது?" என்றார் ஆவுடையப்பன்.

"நான் உதைக்கலை அண்ணாச்சி," என்றான் மாசானம். "ஆனா குதிகால் எனக்குப் பின்னாலல்லா இருக்கு? அது என்ன செய்யுதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

இது எல்லோருக்கும் நியாயமாகப் பட்டது. அவரவர் திரும்பித் தம் குதிகாலைச் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டார்கள்.

"வெட்டிருவமா?" என்றான் பிச்சாண்டி.

"வெட்டிட்டு எப்படிலே நடக்கது? துரை வந்துட்டுப் போற வரைக்கும் புதைச்சு வைப்போம்," என்றார் ஆவுடையப்பன்.

வெள்ளிக்கிழமை துரை வந்தபோது, குளத்தங்கரை மேல் ஊரே வரிசையாக முழங்கால் வரை களிமண்ணில் புதைந்து சிரித்துக்கொண்டு நின்றது.

"என்ன இது?"

"சரி துரை!"

"மதகைக் காட்டுங்கள்!"

"சரி துரை!" ஒருத்தனும் அசையவில்லை.

"வெளியே வாருங்கள்!"

"சரி துரை!"

"அப்படியென்றால் மதகு வேண்டாமா?"

ஆவுடையப்பனுக்குத் தம் வயல் கண்ணுக்குள் நின்றது. ஆனாலும் ராயர் சொன்னது சொன்னதுதான். கண்ணில் நீர் வழிய, எல்லோரையும்விட உரக்க, "சரி துரை!" என்றார்.

துரைக்குப் பொறுக்கவில்லை. குதிரையிலிருந்து குதித்து, ஆவுடையப்பனைப் பின்னாலிருந்து கட்டிப்பிடித்து இழுத்தார். களிமண் முதலில் விடவில்லை. பிறகு திடீரென்று விட்டது. விட்ட வேகத்தில் ஆவுடையப்பனின் குதிகால் துரை வயிற்றில் பாய, துரை கரையிலிருந்து உருண்டு குளத்தில் விழுந்தார். கழுத்தளவுத் தண்ணீரில் எழுந்து நின்று, பழையபடி அதே சொல்லைக் கத்தினார்.

மாசானம்தான் முதலில் வாயைத் திறந்தான்.

"ஏலே, இன்னைக்கு நடக்கப்போற உதையைத் துரை போன வாரமே சொல்லிட்டாருல்லா!"

"குதிகால் சோசியம் தெரிஞ்சவருடோய்!" என்றான் பிச்சாண்டி.

ஆவுடையப்பனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. எல்லோரையும் ஒவ்வொருவராகப் பிடுங்கி எடுத்தார். துரை சொட்டச் சொட்டக் கரையேறி வந்தபோது, ஊரே அவருக்கு முதுகைக் காட்டி மண்டியிட்டு, கழுவித் துடைத்த குதிகால்களை நீட்டிக்கொண்டிருந்தது. முதல் ஆளாக ஆவுடையப்பன் இடது காலை நீட்டினார்.

"துரை, நம்ம மதகு எப்பச் சரியாகும்னு பாத்துச் சொல்லிருங்க!"

மாசானம் பதறிப்போய் அவர் தொடையில் தட்டினான்.

"அண்ணாச்சி, காரியத்தையே கெடுத்துராதீரும்! ஆம்பளைக்கு வலதுதான் பாக்கணும்!"