கூத்தம்பாறை ராஜா லாரி விற்ற கதை

ஆவுடையப்பன், ராஜாவின் டிரைவர் ஞானப்பிரகாசத்தைக் கடைசியாக உயிரோடு பார்த்தபோது, அவர் லாரிக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தார். வெளியே தெரிந்தவை இரண்டு பாதங்கள்தான்.

"அண்ணாச்சி, வண்டியக் காயலான் கடைக்கு மட்டும் போக விட்டுராதீங்க" என்றது அடியிலிருந்து வந்த குரல்.

"விட மாட்டேன்" என்று பாதங்களிடம் சொன்னார் ஆவுடையப்பன். மறுநாள் டிரைவர் காலமாகிவிட்டார்.

கூத்தம்பாறை சமஸ்தானம் ஒழிந்து நாற்பது வருஷமாகியும் மருதாசல ராஜா தினமும் சபை கூட்டுவார். சபை என்றால் இரண்டே பேர். வரவு செலவு பார்க்கக் காரியஸ்தர் பொன்னம்பலம், யோசனை சொல்ல ஆவுடையப்பன். அந்த லாரி ராஜாவின் தாத்தா வாங்கியது. புது எஞ்சின், புது கியர்பெட்டி, பவர் ஸ்டியரிங், ஏ.சி. என்று உள்ளே எல்லாவற்றையும் மாற்றிய ராஜா, வெளியே மட்டும் பழைய பச்சை நிறத்தையே அடித்து வைத்திருந்தார்.

"பழைய வண்டின்னு விக்கணும். ஒரு பொய்யும் சொல்லக்கூடாது. வெள்ளிக்கிழமைக்குள்ள" என்றார் ராஜா.

"நடக்காது மகாராஜா. எடைக்குப் போட்டுரலாம்" என்றார் பொன்னம்பலம். காயலான் கடைக்காரர் அவருக்கு மச்சினன்.

"நான் வித்துத் தாரேன்" என்றார் ஆவுடையப்பன். "விக்கலேன்னா என்னையும் சேத்துத் தராசுல ஏத்துங்க."

வெள்ளிக்கிழமை நல்லமங்கலம் மிராசுதார் சபாநாயகம் வந்தார். பழைய சாமான் என்றால் உயிரை விடுகிறவர். ஊர்த் தேரில் முதல் வடம் பிடிக்கும் உரிமை அவர் குடும்பத்துக்குத்தான். அவர் வண்டியைத் தொடுமுன்பே பொன்னம்பலம் முந்திக்கொண்டார்.

"எஞ்சின் புதுசுங்க. பிரேக்கும் புதுசு."

மிராசுதார் முகம் சுருங்கியது. "நிசமாவே?"

"நிசந்தான்" என்றார் ஆவுடையப்பன். "அது கெடக்கட்டும். உங்க ஊர்த் தேருக்கு என்ன வயசு?"

"எண்ணூறு வருசம்."

"சக்கரம்?"

"மரச்சக்கரம் ஒடஞ்சுது. எங்கப்பா காலத்துல இரும்புல மாத்தினோம்."

"அச்சு?"

"அதுவும் இரும்பு."

"பிரேக்கு?"

"போன வருசம் போட்டோம். ஹைட்ராலிக். சுண்டுவிரல் பட்டா நிக்கும்."

"மேல்மரம்?"

"தீப்பிடிச்சதுல போச்சு. புது இலுப்பை."

"அப்ப தேருக்கு என்ன வயசு?"

"அதான் சொன்னேனே, எண்ணூ..." மிராசுதார் நிறுத்தினார். லாரியை ஒருமுறை சுற்றி வந்தார். செருப்பைக் கழற்றினார். பம்பரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். சொன்ன விலையை அப்படியே கொடுத்தார். பொன்னம்பலம் வாயை மூட மறந்து நின்றார்.

"டிரைவர் இருக்கானா? ஓட்டிட்டுப் போறீங்களா?" என்றார் ராஜா.

"ஓட்டுறதா? பாவமில்லையா?" என்ற மிராசுதார் ஊருக்கு ஆள் அனுப்பினார். மாலையில் நாற்பது பேர் தேர்வடத்தோடு வந்தார்கள். நாகஸ்வரம் முன்னே போக, லாரி அசைந்து அசைந்து கோட்டைவாசல் தாண்டியது.

ராஜா மாடியிலிருந்து பார்த்தார். "வே ஆவுடை, எஞ்சின் சத்தம் கேக்குதே?"

"ஓடுது மகாராஜா."

"பெறவு எதுக்கு நாப்பது பேர் இழுக்கான்?"

"வண்டி நகர வேண்டாமா?"

"அப்ப எஞ்சின்?"

"ஏ.சி.க்கு. மிராசுதார் உள்ளதான் உக்காந்திருக்கார்."

"முதல் வடம் அவருல்ல பிடிக்கணும்?"

"பிடிச்சிருக்காரே. ஜன்னல் வழியா."

ராஜா சிரித்துச் சிரித்து, நிற்க முடியாமல் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். தோளில் கிடந்த சரிகைச் சால்வையை எடுத்து ஆவுடையப்பன் மேல் போட்டார்.

லாரி நின்ற இடத்தில் இன்றும் ஓர் எண்ணெய்க் கறை இருக்கிறது.