ராஜா குடித்த கலங்கல் தண்ணீர்

பேராறு ஏழு மலைகளில் பிறந்து, நூறு ஊர்களுக்குச் சோறு போட்டுவிட்டுக் கடலுக்குப் போய்க்கொண்டிருந்த காலத்திலே, அந்த நூறு ஊர்களையும் திண்டோளன் என்று ஒரு ராஜா ஆண்டு வந்தார். நல்ல ராஜாதான். கொடுமை கிடையாது, கோபம் கிடையாது. ஒரே ஒரு கிறுக்கு மட்டும் உண்டு. மண்டபம் கட்டுகிற கிறுக்கு.

முதலில் பதினாறு கால் மண்டபம் கட்டினார். எல்லாம் மரத்தூண். முதல் மலையின் வேங்கை மரங்கள் வெட்டுப்பட்டு ஆற்றில் மிதந்து வந்தன. "சின்னதாகப் போய்விட்டதே" என்று நூற்றுக்கால் மண்டபம் கட்டினார். இன்னும் இரண்டு மலைகள் மொட்டையாயின. அதுவும் ஆசை தீராமல் ஆயிரங்கால் மண்டபம் கட்டினார். மேலும் மூன்று மலைகள் போயின. ஏழில் ஆறு போய்விட்டது, கணக்குச் சரிதானே?

ஆயிரம் தூணுக்கு நடுவே ராஜா உட்கார்ந்தால் யார் கண்ணுக்கும் தெரியமாட்டார். முறையிட வந்தவர்கள் சுற்றிச் சுற்றித் தேடி, கடைசியில் ஏதோ ஒரு தூணிடம் குறையைச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

அந்த நாட்டில் ஒரு வழக்கம் இருந்தது. ஆற்றில் புதுத் தண்ணீர் வந்ததும் ராஜா துறைக்கு இறங்கி, தன் கையாலேயே மூன்று கை தண்ணீர் அள்ளிக் குடிக்க வேண்டும். முகம் சுளிக்கக் கூடாது, துப்பக் கூடாது. அவர் குடித்த பிறகுதான் முரசு அடிப்பார்கள். முரசு அடித்த பிறகுதான் வயலில் ஏர் இறங்கும். மூன்று நாளுக்குள் ராஜா குடிக்காவிட்டால் அந்த வருடம் விதைப்பே கிடையாது. நூறு ஊர்களும் பட்டினிதான்.

புதுத் தண்ணீர் என்றால் கொஞ்சம் சிவந்துதான் வரும். அது பழகினதுதான். ஆனால் ஆயிரங்கால் மண்டபம் எழுந்த வருடம் வந்தது தண்ணீரே அல்ல, சேற்றுக் கூழ். ராஜா ஒரு கை அள்ளி வாயில் விட்டார். கண் பிதுங்கியது. இருமினார், துப்பினார், படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

முரசு அடிக்கவில்லை. கரையில் ஏரும் மாடுமாக நின்ற உழவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

அமைச்சர் மதிவாணர் முன்னால் வந்தார். அவருக்கு எதற்கும் ஒரு யோசனை உண்டு. "அரசே, குடத்துத் தண்ணீர் கலங்கினால் என்ன செய்கிறோம்? தேற்றாங்கொட்டையை உரைத்துப் போடுகிறோம், தெளிந்துவிடுகிறது. ஒரு குடத்துக்கு ஒரு கொட்டை என்றால் ஓர் ஆற்றுக்கு எத்தனை? வண்டி வண்டியாகக் கொண்டுவரச் சொல்வோம். ஆயிரம் பேர் ஆற்றில் நின்று உரைத்தால் தெளியாமலா போகும்?"

ராஜாவுக்கு மெத்தச் சந்தோஷம். குதிரைகள் மலைக்குப் பறந்தன. மறுநாள் ஆயிரம் பேர் ஆளுக்கொரு உரைகல்லோடு இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி நின்றார்கள். பொழுதெல்லாம் நின்றார்கள். மீன்கள் காலைக் கடித்ததுதான் மிச்சம்.

மூன்றாம் நாள் காலையில் குதிரைகள் திரும்பின. வண்டி எதுவும் பின்னால் வரவில்லை. ஏழாவது மலையின் தலைவி நொச்சி மட்டும் வந்து இறங்கினாள். அவள் கையில் மூன்றே மூன்று கொட்டைகள் இருந்தன.

"மற்றது எங்கே?" என்றார் ராஜா.

"அவ்வளவுதான் ராசா. தேற்றா மரமெல்லாம் ஒங்க மண்டபத்துக்குச் சாரங்கட்டப் போயிருச்சு. மிச்சம் நிக்கிறது எங்க மலையில ஒரு குட்டை மரம். அது இப்பத்தான் மொதத் தடவையாக் காய்ச்சுது."

"அப்படியானால் இந்த ஆறு எப்படித் தெளியும்?"

"முன்னெல்லாம் நாங்களா உரைச்சோம்? மழை எலையில விழுந்து, சருகுல எறங்கி, வேர் வழியா வடிஞ்சு வரும். காடு புடிச்சு வச்சிருந்த மண்ணு ராசா அது. காட்டை எடுத்துட்டீங்க, மண்ணு ஒங்களத் தேடி வந்திருக்கு."

ராஜா கையை நீட்டிக் கொட்டைகளை வாங்கிக்கொண்டார். மதிவாணருக்கு அதற்கும் ஒரு யோசனை இருந்தது. ராஜாவின் காதோடு சொன்னார்: "மூன்று கொட்டைகள், மூன்று கை தண்ணீர். ஒரு குடத்தில் உரைத்துத் தெளியவைத்து, கடைசிப் படியில் ஒளித்து வைக்கிறேன். குனிந்து அள்ளும்போது யார் பார்க்கப்போகிறார்கள்?"

ராஜாவுக்கு ஆசையாகத்தான் இருந்தது. யாருக்குத்தான் இருக்காது? கொட்டைகளை உள்ளங்கையில் வைத்து உருட்டிக்கொண்டே நொச்சியைப் பார்த்தார்.

"எனக்கு மட்டும் மூன்று கை தெளியவைக்கலாம் என்கிறார் அமைச்சர். நீ என்ன சொல்கிறாய்?"

"உரைச்சுக்குங்க. ஒங்களுக்கு மூணு கை தெளிஞ்சிரும். நூறு ஊருக்கு என்னத்தக் குடுப்பீங்க?"

ராஜா கரையைப் பார்த்தார். அங்கே குடத்தோடு நின்ற பெண்கள் இந்தக் கூழைத்தான் இடுப்பில் சுமந்து வீட்டுக்குக் கொண்டுபோகப் போகிறார்கள். அவருக்கு வெட்கமாகிவிட்டது. கொட்டைகளை நொச்சியிடமே கொடுத்தார். "இவற்றை உரைக்க வேண்டாம். முளைக்கப் போடு."

பிறகு படியிறங்கினார். முதல் கை அள்ளி, "இது பதினாறு கால் மண்டபம்" என்று சொல்லிக் குடித்தார். இரண்டாம் கை அள்ளி, "இது நூற்றுக்கால்" என்று குடித்தார். மூன்றாம் கையில் மண் வழிந்தது. "இது ஆயிரங்கால்" என்று அதையும் விழுங்கினார். கண்ணில் தண்ணீர் முட்டியது. முகம் மட்டும் சுளிக்கவில்லை.

முரசு அதிர்ந்தது. ஏர்கள் இறங்கின. ராஜா மூன்று நாள் சுக்குக் கஷாயத்தோடு படுத்துக் கிடந்தார்.

எழுந்ததும் அவர் போட்ட முதல் கட்டளை என்ன தெரியுமா? ஆற்றில் சும்மா நின்ற அந்த ஆயிரம் பேரும் விதையும் கன்றும் எடுத்துக்கொண்டு மலையேற வேண்டும்; நொச்சி சொல்கிற இடத்தில் சொல்கிறபடி நட வேண்டும். மதிவாணரும் போனார். கடப்பாரையைத் தலைகீழாகப் பிடித்தாராம், மலையே சிரித்ததாம்.

அதன்பின் திண்டோளன் மண்டபமே கட்டவில்லை. ஆனால் வருடந்தோறும் துறைக்கு இறங்கி, வந்த தண்ணீரை வந்தபடியே குடித்தார். ஐந்தாம் வருடம் மண் பல்லில் நறநறக்கவில்லை. எட்டாம் வருடம் கஷாயம் தேவைப்படவில்லை. பன்னிரண்டாம் வருடம் மூன்று கையும் குடித்து முடித்து, முரசடிப்பவன் கோலை ஓங்கிய நேரத்தில், "கொஞ்சம் பொறு" என்று சொல்லி ஆசையாக நாலாவது கையும் அள்ளிக் குடித்தார்.

ஆகவே பெரியோர்களே, பிள்ளைகளே, கலக்கியவன் தானும் அந்தத் தண்ணீரையே குடிக்கும்போதுதான் ஆறு தெளியத் தொடங்கும்.