ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சு

ராஜா மணிமுடிவர்மருக்கு ஒரு சந்தேகம். ஊரில் போகிற வருகிற மூட்டைகளில் எல்லாம் தன்னைக் கேலி செய்யும் பாட்டுகளைத்தான் ஒளித்துக் கொண்டுபோகிறார்களாம். மக்களுக்கு வேறு வேலையே இல்லை, பாருங்கள்!

தளவாய் வீரபத்திரர் உடனே ஒரு சட்டம் போட்டுக் கொடுத்தார். காவலர் சோதிக்க வசதியாக, இனி நாட்டில் எந்த முடிச்சும் ஒரே இழுப்பில் அவிழ வேண்டும். எந்த நுனியை இழுப்பது என்ற ரகசியம் காவலருக்கு மட்டும்.

"தப்பு செய்யாதவனுக்கு என்ன பயம்?" என்றார் ராஜா.

அடுத்த சந்தை நாளுக்குள் திருடர்களுக்கும் ரகசியம் தெரிந்துவிட்டது. அரண்மனைக்கு வந்த முந்திரி மூட்டைகூடக் காலி. எப்படித் தெரிந்தது என்று கேட்காதீர்கள். காவலர் வீடுகளில் அன்று முந்திரிப் பாயசம்.

கடைத்தெருவில் மூட்டை கட்டும் பிச்சாயி மட்டும் பழைய முடிச்சையே போட்டாள். சரக்குக்கு உரியவரைத் தவிர யாராலும் அதை அவிழ்க்க முடியாது. அவளைப் பிடித்து வந்தார்கள்.

"என்னை நம்பிச் சரக்கு குடுக்குறாங்க சாமி. திருடனுக்குத் தோதா எப்படிக் கட்டுவேன்?"

"ஊஞ்சல் திருநாள் முடிந்ததும் இவள் கட்டைவிரலை வெட்டுங்கள்!" என்றார் ராஜா. அநியாயம்தான். யார் கேட்பது?

அந்தத் திருநாளில், முதலைகள் நிறைந்த அகழிக்கு மேலே ராஜா ஊஞ்சலாடித் தன் வீரத்தைக் காட்டுவார். வருஷாவருஷம் அந்தக் கயிற்றைக் கட்டுபவளே பிச்சாயிதான். இம்முறை அவள் சிறையில் இருந்ததால், அவையின் குறும்புக்காரர் சடையன் கட்டினார்.

ராஜா பலகையில் ஒரு காலை வைத்தார். கயிற்றின் நுனி கூட்டத்துக்கு நடுவே தொங்கிக்கொண்டிருந்தது.

"சடையா, இது என்ன முடிச்சு?"

"சட்டப்படியான முடிச்சு, பிரபு. ஒரே இழுப்புதான்."

ராஜா காலை எடுத்துவிட்டார். "இழுக்கும் ரகசியம் காவலருக்கு மட்டும்தானே தெரியும்?"

"ஆமாம் பிரபு. அவர்களுக்கும், தங்கள் முந்திரியைத் தின்றவனுக்கும்."

கீழே ஒரு முதலை வாயைத் திறந்தது.

"ஏறுங்கள் பிரபு. தப்பு செய்யாதவருக்கு என்ன பயம்?"

ராஜா இரண்டடி பின்னால் நகர்ந்தார். "சட்டமும் வேண்டாம், தண்டனையும் வேண்டாம்! பிச்சாயியைக் கூப்பிடுங்கள்!"

பிச்சாயி வந்தாள். பத்து விரலும் பத்திரமாக இருந்தன. கயிற்றைத் தன் முறைப்படி இறுக்கிக் கட்டினாள். ராஜா ஊஞ்சலில் உட்கார்ந்து தளவாயைப் பார்த்தார்.

"தளவாயாரே, இந்த முடிச்சை உம்மால் அவிழ்க்க முடியுமா?"

தளவாய் முடிச்சை முன்னும் பின்னும் பார்த்துவிட்டுத் தலைகுனிந்தார். "முடியாது, பிரபு."

"அப்பாடா!" என்று சிரித்தபடியே ராஜா காலால் உந்தினார்.