ஒரே வார்த்தையில் உத்தி

இதை நான் நேரில் பார்க்கவில்லை. அந்தக் கூட்டத்தில் குறிப்பெடுத்த தோழி சொல்லித்தான் தெரியும்.

மேலாண்மைப் பேராசிரியர் வைத்தியலிங்கம் சாமி கும்பிட்ட கையோடு, கோயில் மண்டபத்தில் அறங்காவலர்களுக்கு ஆலோசனை சொல்ல உட்கார்ந்தார்.

"வாசலில் பதினொரு அர்ச்சனைக் கடை. எல்லாவற்றிலும் அதே தேங்காய், அதே வெற்றிலை. உத்தி தெரியாத கூட்டம். ஒன்று போதும், மற்றதைத் தூக்கிவிடுங்கள்."

ஓரமாக நின்ற கடைக்காரி மாரிக்கனிக்கு அந்தக் கடைதான் சோறு. "எங்களுக்கும் உத்தி இருக்கு சார்" என்றாள்.

"அப்படியா! ஒரே வார்த்தையில் சொல்லு, எல்லாக் கடையும் இருக்கட்டும்."

"செருப்பு."

பேராசிரியரின் முகம் சிவந்தது.

"கோவிச்சுக்காதீங்க. உங்க செருப்பு எங்க கிடக்கு?"

"உன் கடையில்."

"தேங்கா எங்க வாங்குனீங்க?"

"அதுவும் அங்கேதான்."

"காசு வேணாம், சும்மா விட்டுட்டுப் போங்கன்னு நான்தான் கூப்பிட்டேன். செருப்பை ஒரு கடையில விட்டுட்டு, தட்டை இன்னொரு கடையில வாங்க யாருக்கும் கூச்சமா இருக்கும் சார். படிச்சவங்களுக்கும்தான்."

அறங்காவலர்கள் சிரித்துவிட்டார்கள். பதினொரு கடையும் தப்பின.

பிறகு நூலகத்தில் அவருடைய புதிய கட்டுரையைத் தேடிப் பிடித்தேன். 'ஆலயச் சந்தையில் பாதணிப் பாதுகாப்பு வழி வாடிக்கையாளர் ஈர்ப்பு.' அந்த ஒரு வார்த்தையைப் பதினான்கு பக்கத்துக்கு இழுத்திருந்தார். மாரிக்கனியின் பெயர் அடிக்குறிப்பில்கூட இல்லை.