மல்லியா, பல்லியா

விருதுநகர் மசாலாக் கம்பெனி முதலாளி மாசிலாமணிக்குப் புது எழுத்துரு ஒன்று வந்து இறங்கியது. ராக்கெட்டின் உடம்பில் எழுதத் தக்க எழுத்து என்றார் வரைந்து கொடுத்தவர். ஒவ்வொரு எழுத்தும் இரும்புப் பாளம்போலத் தடியாக, சதுரமாக இருந்தது. வளைவு என்ற பேச்சே இல்லை. லாரி, தொப்பி, பாக்கெட் எல்லாவற்றிலும் இனி அதுதான்.

லேபிள் ஒட்டும் அஞ்சுகம் மட்டும், "மொதலாளி, இதுல 'ம' பாக்க 'ப' மாதிரியே இருக்கு. மல்லித்தூளைப் பல்லித்தூள்னு படிச்சிருவாக" என்றாள்.

"எட்டாவது படிச்சவ எனக்கு எழுத்துச் சொல்லித் தர்றியா? நாளைக்கு டீலர்கள் வர்றாக. இதைப் படிக்க முடியாதுன்னு அவுக முன்னால நிரூபி. இல்லேன்னா அப்படியே வீட்டுக்குப் போயிரு."

மறுநாள் டீலர்கள் நடுவே அஞ்சுகம் புது எழுத்தில் அச்சடித்த இரண்டு லேபிள்களை நீட்டினாள். "பல்லின்னு இருக்கிறது எதுன்னு சொல்லிருங்க மொதலாளி, நான் கெளம்பிர்றேன்."

மாசிலாமணி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் பார்த்தார். ஒரு டீலர் அவருடைய இடது கையிலிருந்ததைக் காட்டினார், இன்னொருவர் வலது கையிலிருந்ததை. கடைசியில் முதலாளி ஒன்றை உயர்த்திப் பிடித்தார்.

"இதுதான் பல்லி! சின்னப்புள்ளைக்கும் தெரியுமே!"

"ரெண்டும் நம்ம மல்லித்தூள் லேபிளுதான் மொதலாளி. ஒரே ரோல்ல கிழிச்சது."

மாதிரிப் பாக்கெட்டை முகர்ந்துகொண்டிருந்த சாத்தூர் டீலர் அதை மெதுவாக மேசைமேல் வைத்துவிட்டு, கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"பழைய லேபிளை ஒட்டியே அனுப்புங்க அண்ணாச்சி. இந்த அம்மாவே ஒட்டட்டும்."